ஏழாம் மாசத்து வளையல்

வருஷா வருஷம் பள்ளிக்கூடம் திறந்ததும் புதுப் பிள்ளைகள் கேட்கும், "டீச்சர், கையில என்ன?" என்று. "எலி கடிச்சிடுச்சு" என்பேன். சிரித்துவிட்டு ஊசியில் நூல் கோர்க்கப் போய்விடும். பெரியவர்களிடம் அப்படித் தப்ப முடியாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவள்கூட என் வலது கையை உரிமையோடு எடுத்துத் தன் மடியில் வைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஐயோ பாவம், பொறவியிலேயா?" என்பாள். மணிக்கட்டில் ஒரு மேடு, உள்ளங்கையிலிருந்து முழங்கைப் பக்கம் ஓடும் ஒரு தழும்பு, கட்டைவிரல் அடியில் சதையே இல்லாமல் ஒரு பள்ளம். பார்க்க நன்றாக இருக்காதுதான்.

என் சொந்தக்காரர்கள் மட்டும் கேட்பதில்லை. அவர்களுக்குப் பதில் தெரியுமாம். "ஆகாத கை பட்டுச்சு, கை போச்சு" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்த ஆகாத கை என் அம்மாவின் கை. இத்தனை வருஷம் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். யாருக்காக வாயை மூடிக்கொண்டிருந்தேனோ அவரும் இப்போது இல்லை, மூடிக்கொள்ளச் சொன்னவர்களும் இல்லை. அதனால் எழுதுகிறேன். இடது கையால்தான் எழுதுகிறேன். கோழி கிளறின மாதிரி இருக்கும், அச்சுக் கோர்க்கிறவர் பொறுத்துக்கொள்ளட்டும்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. என் புகுந்த வீடு காரைக்காலில். சொல்தா வீடு என்றால் எங்கள் தெருவில் யாரும் காட்டுவார்கள். மாமா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து பென்ஷனோடு திரும்பியவர். அவர் மகன், என் வீட்டுக்காரர், அதே பட்டாளத்தில் சேர்ந்து பிரான்சில் இருந்தார். கல்யாணத்துக்கு வந்தவர் அடுத்த லீவில் மறுபடி வந்துவிட்டுப் போனார். அவர் கப்பலேறிய பிறகுதான் நான் முழுகாமல் இருக்கிறேன் என்று தெரிந்தது. நான் அப்போதே பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். வேலைக்குப் போகாதே என்று மாமாவும் அத்தையும் ஒரு நாளும் சொன்னதில்லை. இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். அவர்கள் கெட்டவர்கள் இல்லை.

என் பிறந்த வீடு விழிதியூர். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கும் முன்பே அப்பா தவறிவிட்டார். அம்மா இருந்த கொஞ்ச நிலத்தைக் குத்தகைக்கு விட்டு, மாடு வைத்துப் பால் ஊற்றி, என்னை டிரெயினிங் வரைக்கும் படிக்க வைத்தாள்.

ஏழாம் மாசம் வளைகாப்பு. வளையல் பிறந்த வீட்டு முறை. அம்மா காரைக்கால் கடைத்தெருவுக்கு வந்து, வளையல் கடையில் அரை நாள் உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் நகத்தால் சுண்டிப் பார்த்து வாங்கினாள். கரும்பச்சைக் கண்ணாடி வளையல். கடைக்காரர் அலுத்துப்போய், "ஏன்மா, கோட்டை கட்டவா கல்லு எடுக்கறீங்க?" என்று கேட்டாராம். வாங்கத்தான் அவளுக்கு முறை உண்டு, போட்டுவிட முறை கிடையாது. புருஷன் இல்லாதவள் வளையல் அடுக்கக் கூடாது. அன்றைக்கு அம்மா அடுப்படியில் புளிசோறும் எலுமிச்சைச் சோறும் கிளறிக்கொண்டிருந்தாள். கூடத்துக்கு வராதே என்று யாரும் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. ஊர்ப் பெண்கள் எல்லாரும் அடுக்கி முடித்தபோது, அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்று எட்டிப் பார்த்தாள். நான் இரண்டு கையையும் தூக்கிக் குலுக்கிக் காட்டினேன். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த வளையலைப் பிரசவம் வரைக்கும் கழட்டக் கூடாது. பிள்ளை பிறக்கிற அன்றைக்குக் கழட்டி, பிரசவம் பார்க்கிறவர்களுக்குக் கொடுப்பது வழக்கம். நடுவில் உடைந்தால் அபசகுனம். புருஷன் கடல் தாண்டித் துப்பாக்கி தூக்கிக்கொண்டிருக்கிறவளுக்கு அந்தப் பயம் இரண்டு பங்கு. ஊரில் எந்த வீட்டில் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், கண்ணாடி வளையல் உடைகிற சத்தம் எதற்கு என்று சொல்வார்கள்.

பேருக்கு மூணு நாள் விழிதியூரில் வைத்திருந்துவிட்டு, ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கட்டும் என்று அம்மாவே என்னைத் திரும்பக் கொண்டுவந்து விட்டாள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கொல்லையில் துவைக்கிற கல்லைச் சுற்றிப் பாசி. அன்று காலை வாளியை வைக்கப் போனவள் வழுக்கிவிட்டேன். வயிறு தரையில் பட்டுவிடக் கூடாது என்பது ஒன்றுதான் நினைவு. வலது கையை ஊன்றினேன். சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் உள்ளேயிருந்து கேட்டது.

சத்தம் கேட்டு அத்தை ஓடி வந்தார். அவர் முதலில் பார்த்தது என் கையை அல்ல. சிமெண்டுத் தரையில் கிடந்த பச்சைத் துண்டுகளை. விழுந்ததில் இரண்டு மூன்று வளையல் உடைந்திருந்தது. "தெய்வமே, என் புள்ள" என்று நெஞ்சில் கை வைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகுதான் என்னைத் தூக்கினார், வயிற்றைத் தடவிப் பார்த்தார். உள்ளே பிள்ளை உதைத்தது. எனக்கு உயிர் வந்தது.

என் மணிக்கட்டு மணிக்கட்டு மாதிரியே இல்லை. கரண்டியைக் கவிழ்த்து வைத்தால் முதுகு மேடாகத் தெரியுமே, அப்படி வளைந்து நின்றது. மாமா ரிக்‌ஷா கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, படத்தை வெளிச்சத்தில் பிடித்து எனக்கும் காட்டினார். முன்னங்கையில் இரண்டு எலும்பு உண்டாம். கையை ஊன்றி விழுந்தால் கட்டைவிரல் பக்கத்து எலும்பு மணிக்கட்டுக்குச் சற்று மேலே ஒடிந்து பின்பக்கம் தள்ளிக்கொள்ளுமாம்.

"ரொம்ப சாதாரணமான முறிவும்மா. இழுத்துச் சேத்து மாவுக்கட்டுப் போட்டா ஒண்ணரை மாசத்துல கூடிடும். பழையபடி தைக்கலாம்" என்றார். பிறகு கையில் இருந்த வளையல்களைக் காட்டி, "இதை மொதல்ல உடைச்சு எடுத்துடணும். கை வீங்கிக்கிட்டே வருது" என்றார்.

அத்தை முகம் செத்துவிட்டது. "உடைக்காம எடுக்க முடியாதுங்களா ஐயா?"

கம்பவுண்டர் சோப்புப் போட்டு இழுத்துப் பார்த்தார். ஒரு வளையலும் நகரவில்லை. நான் போட்ட கூச்சலில் அவரே விட்டுவிட்டார்.

"எம்புள்ள பட்டாளத்துல இருக்கான் ஐயா. ரெண்டு வளையல் ஏற்கெனவே போயிடுச்சு. மிச்சத்தையும் எங் கையால எப்படி உடைக்கச் சொல்லுவேன்?" என்று அத்தை அழுதார்.

மாமா தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தார். இந்தோசீனாவில் சண்டை பார்த்தவர். அவராலும் உடையுங்கள் என்று சொல்ல முடியவில்லை. "வீட்டுல கலந்து பேசிட்டு வர்றோம் டாக்டர்" என்றார். டாக்டருக்குக் கோபம். அட்டை வைத்துத் தற்காலிகமாகக் கட்டிவிட்டு, "சாயங்காலத்துக்குள்ள வந்துடணும். விரல் மரத்துச்சுன்னா ஒரு நிமிஷம் நிக்காதீங்க" என்று இரண்டு தரம் சொல்லி அனுப்பினார். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை. என் வீட்டுக்காரர் முகம் எனக்கும்தான் கண்ணுக்குள் நின்றது.

கலந்து பேசியது மனுஷர்களோடு அல்ல. அத்தை மத்தியான பஸ்ஸில் அம்பகரத்தூருக்குப் போனார், அம்மன் சந்நிதியில் பூக்கட்டிப் பார்க்க. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம் கட்டிப் போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் வளையலை உடைக்கலாம் என்று நினைத்துக்கொண்டாராம். சிவப்பு வந்தது. "நாளைக்கு வெள்ளிக்கெழம. காலம்பற இன்னொரு தரம் பாத்துடறேன்" என்று இருட்டுகிற நேரத்துக்குத் திரும்பி வந்தார். அம்மன் மேல் எனக்கு வருத்தம் கிடையாது. அந்த எக்ஸ்ரே படத்தை அவள் முன்னால் கொண்டுபோய் வைத்திருந்தால் அவளே வந்து உடைத்திருப்பாள்.

அன்று சாயங்காலம் வலி எலும்பில் இல்லை, விரல்களில் இருந்தது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் கொதிக்கிற எண்ணெயில் வைத்த மாதிரி எரிந்தன. வளையல்கள் சதைக்குள் புதைந்து, ஒவ்வொன்றுக்கும் நடுவில் சதை பிதுங்கி நின்றது. அத்தை பக்கத்தில் உட்கார்ந்து விசிறினார், விபூதி பூசினார், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார், ஒரு வாய் சாப்பிடாமல் என்னோடு அழுதார். விளக்கேற்றி ரொம்ப நேரம் ஆன பிறகு வலி மெல்ல மெல்ல அடங்கியது. கடைசியில் ஒன்றுமே இல்லை. "வலி நின்னுடுச்சு அத்தை" என்றேன். "அம்மன் கண்ணத் தொறந்துட்டாடி" என்று அவர் என் நெற்றியில் முத்தம் கொடுத்தார். நாங்கள் இரண்டு பேரும் சந்தோஷத்தில் அழுதோம். நரம்பு சாகிற நேரம் அது என்று எங்களுக்கு யார் சொல்லுவார்கள்?

யாரோ சொல்லி விழிதியூருக்குச் செய்தி போயிருந்தது. காலை முதல் பஸ்ஸில் அம்மா வந்துவிட்டாள், தூக்கில் ரசஞ்சோறோடு. வந்தவள் தூக்கைக் கீழே வைக்காமலே என் விரல்களைப் பார்த்தாள். கத்தரிக்காய்த் தோல் நிறத்துக்கு வந்திருந்தன.

கட்டைவிரலைப் பிடித்து, "தெரியுதாடி?" என்றாள்.

"எது?"

அவ்வளவுதான். தூக்கை வைத்தாள். தன் முந்தானையைத் தண்ணீரில் நனைத்து என் மணிக்கட்டைச் சுற்றினாள். அத்தை கோயிலுக்குப் புறப்பட்டு, கையில் பூக்கூடையோடு நின்றுகொண்டிருந்தார். "சம்பந்தி, வேணாம். இன்னிக்கு வெள்ளிக்கெழம. நீங்க போயி அதத் தொடலாமா?" என்று குறுக்கே வந்தார்.

அம்மா அந்த வீட்டில் அதுவரை சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. அன்றும் சத்தமாகப் பேசவில்லை.

"எங் கையில வளையல ஒடைக்கறதுக்கு முன்னாடியே அந்த உசுரு போயிருந்துச்சு சம்பந்தி. ஒடச்சதால யாரும் போகல. ஒங்க புள்ள நல்லாருப்பாரு. எம் பொண்ணு கைய மட்டும் விடுங்க."

ஈரத்துணிக்குள் வைத்து ஒவ்வொன்றாக அமுக்கினாள். நறுக் நறுக்கென்று உடைந்தது. தேடித் தேடிச் சுண்டிப் பார்த்து அவளே வாங்கிய வளையல். அத்தை காதைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். எனக்குத் தோலில் ஒரு கீறல்கூட விழவில்லை. விழுந்திருந்தாலும் தெரிந்திருக்காது.

ஆஸ்பத்திரியில் அதே டாக்டர். கையைப் பார்த்ததும் மாமாவை ஒரு பார்வை பார்த்தார். இங்கே வைத்துப் பார்க்கிற விஷயம் இல்லை, பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோங்கள் என்று அவரே போன் போட்டுச் சொல்லி அனுப்பினார். வாடகைக் காரில் போனோம். கொள்ளிடம் பாலத்தில் கார் குலுங்கியபோது அம்மா என் கையைத் தன் நெஞ்சோடு அணைத்துத் தாங்கிக்கொண்டாள். நான் வயிற்றைத் தாங்கிக்கொண்டேன்.

போனதும் ஆபரேஷன். வயிற்றில் பிள்ளை இருக்கிறதே, மயக்க மருந்து கொடுத்தால் என்னாகுமோ என்று நான் நடுங்கினேன். அக்குளில் ஊசி போட்டு அந்தக் கையை மட்டும் மரக்க வைத்தார்கள். பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் என்னமோ செய்கிறார்கள், இந்தப் பக்கம் நான் பிள்ளையின் உதையை எண்ணிக்கொண்டு படுத்திருந்தேன். மணிக்கட்டைப் பிளந்து, எலும்பைச் சேர்த்துக் கம்பி வைத்து, புண்ணை மூடாமலே கட்டி வைத்தார்கள். வீக்கம் வடிந்த பிறகு இன்னொரு தரம் தைத்தார்கள்.

என்னைப் பார்த்த பெரிய டாக்டர் வயசானவர், பொறுமைசாலி. பென்சிலால் படம் போட்டுச் சொன்னார். மணிக்கட்டில் சின்ன எலும்புகள் சேர்ந்து ஒரு வாய்க்கால் மாதிரி இருக்கும். மேலே ஒரு கெட்டியான பட்டை மூடி. அந்தக் குறுகிய வழியில்தான் விரலை மடக்குகிற நார்கள் எல்லாம் போகின்றன, கூடவே ஒரு நரம்பும் போகிறது. எலும்பு ஒடிந்து உள்ளே ரத்தம் கட்டினால் அங்கே இடமில்லை. வெளியே வீங்கவாவது வழி இருக்க வேண்டும். என் கையில் அதற்கும் வழி இல்லை, சுற்றிலும் கண்ணாடி வேலி. நசுங்கியது அந்த நரம்பு. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி, இவ்வளவுக்கும் உணர்ச்சி அதுதான் கொடுக்கிறது. கட்டைவிரலைத் தூக்கி மற்ற விரலோடு சேர்க்கிற பலமும் அதுதான். ஊசி பிடிக்க வேறு என்ன வேண்டும்?

குண்டூசி வைத்துச் சோதனை செய்வார். கண்ணை மூடச் சொல்லி ஒவ்வொரு விரலாகக் குத்துவார். "இப்ப?" "தெரியல." "இப்ப?" "தெரியல." அம்மா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். சுண்டு விரலுக்கு வந்ததும் "ஸ்" என்று கையை இழுப்பேன். அதற்கு வேறு நரம்பு, அது வேறு வழியாகப் போகிறதாம், தப்பிவிட்டது. அன்றைக்கு அம்மா முகத்தைப் பார்க்க வேண்டுமே. எனக்கு முழுக்கை திரும்பக் கிடைத்த மாதிரி சிரித்தாள். டாக்டர் போன பிறகு என் சுண்டு விரலைப் பிடித்து, "இது எனக்கு" என்றாள்.

அதிலிருந்து என்னைத் தொடுவதென்றால் அந்த விரலைத்தான் தொடுவாள். எழுப்புவது, மாத்திரை நேரம் என்று சொல்வது, டாக்டர் வருகிறார் என்று எச்சரிப்பது எல்லாம் சுண்டு விரலை ஒரு இழுப்பு இழுத்துத்தான். வார்டில் இருந்தவர்கள் கேலி செய்தார்கள். "என்னம்மா, மணி அடிக்கிற கயிறா அது?" என்பாள் பக்கத்துக் கட்டில்காரி. அவள் மீன்காரி, கெளுத்தி முள் குத்தி உள்ளங்கை முழுக்கச் சீழ் வைத்துப் படுத்திருந்தாள்.

அது கைகளின் வார்டு என்றே சொல்லலாம். விரல் மடங்கினால் மடங்கினபடி நின்று, டக்கென்று துப்பாக்கி விசை மாதிரி விடுபடுகிற ஒரு அம்மா. மணிக்கட்டின் முதுகில் கோலிக்குண்டு மாதிரி நீர்க்கட்டி வந்து, அது உருளுவதை எல்லாருக்கும் காட்டி மகிழ்ந்த ஒரு பெண். கைப்பிள்ளைக்காரி ஒருத்தி வெளி நோயாளியாக வருவாள். பிள்ளையைத் தூக்கித் தூக்கிக் கட்டைவிரல் அடியில் நார் வீங்கி வலி, பிள்ளை பெற்றவர்களுக்கு அடிக்கடி வருமாம். "தூக்கவே முடியலக்கா, உசுரு போவுது" என்று என்னிடம் அழுதாள். எனக்கு அவள் மேல் இரக்கம் வரவில்லை, பொறாமைதான் வந்தது. பிள்ளையைத் தூக்குகிற வலி எனக்கும் வேண்டும் என்று இருந்தது.

அந்த நாட்களில் அம்மா முழுக்க எனக்குக் கிடைத்தாள். தலை வாரினாள், சோறு ஊட்டினாள், மற்றவர்களுக்கும் வெந்நீர் வாங்கி வந்தாள், மீன்காரியோடு வாயாடினாள். ஆஸ்பத்திரியில் யாரும் யார் நெற்றியையும் பார்ப்பதில்லை. அவள் கூடத்தின் நடுவில் நடந்தாள். ஒரு நாள் என் இடது கையில் மிச்சம் இருந்த வளையல்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்து, "நல்ல பச்சைதான் வாங்கியிருக்கேன்" என்று தானே மெச்சிக்கொண்டாள்.

டாக்டர் ஒரு நாள் மாமாவை வராந்தாவுக்குக் கூட்டிப்போய் பிரெஞ்சில் பேசினார். திரும்பி வந்தபோது மாமா கண் சிவந்திருந்தது. அம்மாவையும் வைத்துக்கொண்டுதான் சொன்னார்.

"விழுந்த அன்னைக்கே ஒடச்சிருந்தா கை முழுசாத் தப்பிச்சிருக்குமாம். மறுநாள் காலையிலயும் ஒடைக்காம விட்டிருந்தா கையையே எடுக்க வேண்டி வந்திருக்குமாம். சம்பந்தியாலதான் கை இருக்குது." முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இது ஒங்க அத்தைக்குத் தெரிய வேணாம்மா. அவ தாங்க மாட்டா" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் என்னென்னவோ கேட்டிருப்பேன். அம்மா சுண்டு விரலை இழுத்தாள். அவர் போன பிறகு சொன்னாள், "நீ அந்த வூட்டுல வாழணும். ஒன்னாலதான் கை போச்சுன்னு அந்தம்மாகிட்ட சொல்லிட்டு எந்த மொகத்தோட ஒரே அடுப்புல சமைப்ப? என் மேல சொன்னா சொல்லிட்டுப் போறாங்க. எனக்கு என்ன, புதுசா?"

சொன்னார்கள். நான் கட்டோடு ஊர் திரும்பியபோதே தெருவில் பேச்சு பரவியிருந்தது. தாலி அறுத்தவள் வெள்ளிக்கிழமையில் வளையலை உடைத்தாள், கை விளங்காமல் போய்விட்டது என்று. அத்தையும் அதை நம்பினார். நம்பாவிட்டால் அவரால் எப்படிச் சோறு சாப்பிட முடியும்? என் வீட்டுக்காரருக்கு அங்கே ஒரு காய்ச்சல்கூட வரவில்லை என்பதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

தை மாசம் பெண் பிறந்தாள். இடது கை வளையல்களைக் கழட்டி நர்ஸுக்குக் கொடுத்தோம். பிள்ளையைத் துடைத்து என் வலது பக்கம் படுக்க வைத்தார்கள். கட்டுப் பிரித்திருந்த கையை அதன் தலையில் வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. சூடா, ஈரமா, முடி இருக்கிறதா, ஒன்றும் தெரியவில்லை. என் பிள்ளையைத் தொட்டுக்கொண்டிருக்கிறேன் என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். நான் அழுவதைப் பார்த்து நர்ஸ், பெண்ணாய்ப் பிறந்ததற்கு அழுகிறேன் என்று நினைத்துத் திட்டினாள். தூர நின்றிருந்த அம்மா வந்து என் கையைச் சரித்து, சுண்டு விரல் கன்னத்தில் படும்படி வைத்துவிட்டுப் போனாள். வெந்நீரில் நனைத்த பஞ்சு மாதிரி இருந்தது.

பிறகு டாக்டர் சொன்ன பயிற்சியெல்லாம் செய்தேன். மெழுகு உருட்டினேன், அரிசி பொறுக்கினேன். ஒரு வருஷத்துக்குள் நரம்பு முளைத்தால் உண்டு என்றார். கட்டைவிரல் நுனியில் கொஞ்சம் குறுகுறுப்பு வந்தது, அதோடு சரி. அடுப்பில் விரல் வெந்து வாடை வந்த பிறகுதான் பார்ப்பேன். என் பெண் நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து என் டம்ளரை அவள் தொட்டுப் பார்த்து, "சுடுதும்மா" என்று சொல்லித்தான் கொடுப்பாள். இடது கையால் தைக்கப் பழகினேன். பள்ளிக்கூடம் என்னை விடவில்லை, அந்த மட்டும் புண்ணியம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு போய்விட்டது, வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. காரைக்கால் ஆஸ்பத்திரியில் சேர்த்து நான் பக்கத்திலேயே இருந்தேன். மாமா அதற்கு முந்தின வருஷமே போய்விட்டார். அத்தை சாத்துக்குடி வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். அம்மாவின் காலைப் பிடித்துவிட்டார். உண்மையாகவே அழுதார். அழுதுகொண்டே என்னிடம், "பாவம், நல்ல மனுஷி. அன்னைக்கு மட்டும் இந்தக் கை படாம இருந்திருந்தா ஒனக்கு இந்தக் கதி வந்திருக்குமாடி? அவங்க தலையெழுத்து, அவங்கள என்ன சொல்றது" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. இத்தனை வருஷம் விழுங்கியது எல்லாம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. "அத்தை, ஒங்களுக்கு ஒண்ணு சொல்லணும்" என்று எழுந்தேன்.

என் வலது கை அம்மாவின் படுக்கை மேல் இருந்தது. விளங்குகிற இடது கையால் அவள் அதைத் துழாவுவதைப் பார்த்தேன். முதலில் கட்டைவிரலைத் தொட்டாள். அதை விட்டுவிட்டு ஆள்காட்டி விரல், நடுவிரல். அவற்றையும் தாண்டி, தடவித் தடவிச் சுண்டு விரலுக்கு வந்து சேர்ந்தாள். பிடித்து ஒரு இழுப்பு இழுத்தாள். பலம் கொஞ்சம்தான் இருந்தது, ஆனாலும் எனக்குத் தெரிந்தது.

"என்னடி சொல்லணும்?" என்றார் அத்தை.

"ஒண்ணுமில்ல அத்தை. பழத்த உரிச்சுத் தாங்க, எனக்கு உரிக்க வராது" என்றேன்.